ஒரு சீசா ஆவூர்த் தண்ணீர்

சிவப்பு வரவில்லை.

பியூரெட் என்கிற நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து வெள்ளி நைட்ரேட் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விழுந்துகொண்டிருந்தது. குடுவைக்குள் ஆவூர்த் தண்ணீர். நிறம் காட்டுவதற்காக அதில் ஒரு மஞ்சள் கரைசலைக் கலந்திருந்தேன். தண்ணீரிலுள்ள உப்பு தீர்ந்ததும் மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் தட்டும். அதற்குள் எவ்வளவு வெள்ளி செலவானது என்று பார்த்து, உப்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

நல்ல குடிதண்ணீர் என்றால் குழாயில் கொஞ்சம் இறங்குவதற்குள் சிவந்துவிடும். எனக்குக் குழாய் முழுதும் காலியாகியும் மஞ்சள் அப்படியே இருந்தது. மறுபடி நிரப்பினேன். மறுபடியும் சொட்டத் தொடங்கியது.

பக்கத்து மேஜையிலிருந்த கொன்சுவேலோ எட்டிப் பார்த்தாள். "ஏண்டி லூர்து, ஒங்க ஊருல கடலையா மொண்டு குடிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

அவள் பேசியது ஸ்பானிய மொழி. இந்தத் தொடரில் ஸ்பெயின்காரர்கள் பேசுவதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அந்த மொழியில் எழுதினால் அச்சுக்கோக்கிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள். தவிர, இத்தனை வருடம் கழித்து எனக்கு அவர்கள் குரலெல்லாம் இலுப்பூர்ச் சந்தையில் கேட்ட குரல்களாகத்தான் நினைவிருக்கின்றன.

போன வாரம் கப்பலில் வாந்தியெடுத்ததோடு நிறுத்தியிருந்தேன். பம்பாயில் ஏறியவளை ஒரு வழியாகக் கரை இறக்கி, இரண்டு ரயில் மாற்றி, கல் கட்டடங்கள் நிறைந்த அந்தக் குளிர் ஊரில் கொண்டுவந்து சேர்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் விவரிக்க எனக்குத் தெம்பில்லை.

காது வலித்த வருடம்

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் வேதியியல் படித்து முடித்திருந்தேன். கல்லூரியில் ஒரு சிஸ்டர், ஸ்பெயினில் ஒரு பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் செலவெல்லாம் கொடுத்து அழைக்கிறது என்று விண்ணப்பிக்கச் சொன்னார். அழைத்துவிட்டார்கள்.

ஏற்பாடு இதுதான். முதல் வருடம் காலையில் ஸ்பானிய மொழி, மதியத்துக்கு மேல் அறிவியல் கூடம். ஒவ்வொரு மாணவரும் தன் சொந்த ஊர்க் குடிதண்ணீரை ஒரு கண்ணாடிச் சீசாவில் கொண்டுவந்து, வருடம் முழுக்க அதைச் சோதித்து, கடைசியில் மூன்று ஆசிரியர்கள் முன்னால் நின்று அதைப் பற்றி ஸ்பானிய மொழியில் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். தேறினால் இன்னும் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கலாம். தேறாவிட்டால் கப்பல்.

கப்பலேறித் திரும்பினால் எனக்கு என்ன காத்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலுப்பூரில் என் மாமா மகன். மிளகாய் மண்டி வைத்திருந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரைக் கட்டிக்கொண்டு மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டிருக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். "படிச்சுட்டு வரட்டும்" என்று அப்பா சொந்தக்காரர்கள் எல்லோரோடும் சண்டை போட்டுத்தான் என்னை அனுப்பினார். ஒரு வருடத்தில் தோற்றுப்போய் வந்து நின்றால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்.

வெளிநாட்டுப் படிப்பு என்றால் இப்போதைய பிள்ளைகள் படம் அனுப்புகிறார்கள், சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அசதிதான். குளிர்கூட இல்லை, அசதி. வேறு மொழியைக் காது கொடுத்துக் கேட்பது உடம்பு வேலை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து, அதை இங்கிலீஷுக்கு மாற்றி, அப்புறம் தமிழுக்கு மாற்றி, அதற்குள் அவர்கள் நான்கு வாக்கியம் தாண்டிப் போயிருப்பார்கள். சாயங்காலம் காதுக்குள் நிஜமாகவே வலிக்கும்.

பசித்தால்கூட, கேட்பதற்கு வார்த்தை தேட வேண்டுமே என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

எந்தக் கிணறு

தண்ணீர் கொண்டுவரச் சொன்ன விவரத்தை அப்பா வீட்டில் வாசித்துக் காட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பா ஆவூர்ப் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். வாசிக்கும்போது எதையும் வகுப்பில் வாசிப்பது மாதிரிதான் வாசிப்பார்.

"அங்கிட்டுத் தண்ணி கெடைக்காதாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"கெடைக்கும். இது சோதிச்சுப் பாக்குறதுக்கு."

"சோதிக்கிறதுக்கு எதுக்குங்க ஒரு சீசா? புதுத் தண்ணி புள்ளைக்கு ஒத்துக்காமப் போனா குடிக்கட்டும்னுதான் கேட்டிருப்பாங்க. வெவரம் தெரிஞ்சவுங்க."

அப்பா சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அம்மா அப்படி நினைத்ததிலும் காரணம் இருந்தது. அவள் இலுப்பூரிலிருந்து ஆவூருக்கு வாக்கப்பட்டு வந்தபோது கூடவே ஒரு குடம் இலுப்பூர்த் தண்ணீரும் வண்டியில் வந்ததாம். புது ஊர்த் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கலந்து குடித்துப் பழகினாளாம். அவள் வீட்டில் அது வழக்கம்.

அடுத்த கேள்வி, எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பது. இதற்கு ஊரில் பஞ்சாயத்து வைக்காத குறை. குளத்துத் தண்ணீர்தான் ருசி என்றார் பெரியப்பா. ஸ்பெயினில் போய் ஆவூர் மானத்தை வாங்குகிற மாதிரி கலங்கலையா அனுப்புவது என்று அப்பா சண்டைக்குப் போனார். கடைசியில் கோயில் கிணறு என்று முடிவானது. ஊரில் பாதிப் பேர் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். பருப்பு நன்றாக வேகும். அப்பா ஒரு துண்டுக் காகிதத்தில் 'நல்ல தண்ணீர்' என்று எழுதிச் சீசாவில் ஒட்டினார்.

இதற்கிடையில் நான் கன்னியாஸ்திரியாகப் போகிறேன் என்று தெருவில் பேச்சு பரவியிருந்தது. ஆவூரிலிருந்து ஒரு பெண் கப்பலேறுகிறாள் என்றால் அவர்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஒருத்தி வந்து என் முடியைத் தடவிப் பார்த்து, "இம்புட்டையும் வெட்டிப்புடுவாங்களேத்தா" என்று கண் கலங்கிவிட்டுப் போனாள். மறுத்து மறுத்து எனக்கே அலுத்துவிட்டது.

கிளம்புகிற அன்று விடியற்காலையில் சீசாவைக் காணோம். மெழுகு வைத்து மூடுவதற்காக அப்பா தேடினார். நானும் தேடினேன். முதல் பூசைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து சீசாவை எடுத்து வைத்தாள்.

"பூச்சி கீச்சி விழுந்துறுமேன்னு கையோட வச்சிருந்தேன்" என்றாள்.

பூசைக்கு யாராவது தண்ணீர்ச் சீசாவோடு போவார்களா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா மெழுகை உருக்கி வாயை மூடினார். திருச்சி ஸ்டேஷனில் ரயில் நகரும்போதுகூட அம்மா அழவில்லை. "சீசா பத்திரம்" என்று மட்டும் சொன்னாள்.

மஞ்சளும் கறுப்பும்

சோதனைக் கூடத்துக்கு வருகிறேன். முதல் தடவை நான்தான் தப்பு செய்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். குடுவையைக் கழுவி, கரைசலைப் புதிதாகத் தயாரித்து, மறுபடி செய்தேன். அதே உப்பு. மறுவாரம் செய்தேன். அதே உப்பு. குளிர்காலம் முழுக்க இதே வேலை.

வெள்ளி நைட்ரேட் விரலில் பட்டால் கறுப்பாகக் கறை பிடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது. என் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போனது. விடுதியில் சாப்பிடும்போது மற்ற பெண்கள் என் கையையே பார்ப்பார்கள். இந்தியாக்காரி கை இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கிச் சொல்லவும் வார்த்தை வேண்டுமே.

பேராசிரியர் எவுசேபியோ கோபப்படாத மனிதர். கோபப்பட்டிருந்தால் தேவலை. என் கணக்கைப் பார்த்தார், சீசாவைப் பார்த்தார். மேலே ஒட்டியிருந்ததற்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன்.

"இதுல நல்ல தண்ணின்னு போட்டிருக்கு. ஒங்க கணக்கு உப்புத் தண்ணிங்குது. ரெண்டுல ஒண்ணு தப்பு. ரெண்டையும் சேத்துத் தூக்கிக்கிட்டு பரீச்சைக்கு வராதீங்க" என்றார்.

கொன்சுவேலோ வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அந்த நாட்டுப் பெண். என்னோடு ஜோடியாக வேலை செய்ய அவளைப் போட்டிருந்தார்கள். "எதுக்குடி கஷ்டப்படுற? குடிதண்ணிக்கு எல்லாரும் எழுதுற அளவ எழுதிப்புட்டுப் போய்த் தூங்கு. ஆவூருக்கு யாரு போயி பாக்கப்போறா?"

எழுதியிருப்பேன். என்னைப் பெரிய சத்தியவதி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று பேர் முன்னால் நின்று ஸ்பானிய மொழியில் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொல்வதற்கே வார்த்தை போதாமல் தடுமாறுகிறவள் நான்.

அதைவிட வேறொன்று உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை கணக்குத்தான் சரியோ. பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வேறு தண்ணீர் தெரியாததால், நாங்கள் எல்லோரும் அதை நல்ல தண்ணீர் என்று சொல்லிக்கொண்டிருந்தோமோ. சோதனைக்கு வந்த எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது கூடத்தின் சட்டம். அதனால் ருசி பார்க்கவும் வழியில்லை. ஊரை விட்டு அவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்துகொண்டு, ஊரின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரங்களில் நான் அழுததெல்லாம் அதற்காகத்தான்.

புரியாத மொழியில் ஓய்வு

ஞாயிற்றுக்கிழமை பூசை அப்போதெல்லாம் லத்தீனில்தான். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் ஆவூரில் கேட்ட அதே வார்த்தைகள், அதே ராகம். எந்த வார்த்தைக்கும் அர்த்தம் தேட வேண்டாம். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் காது வேலை செய்யாமல் இருந்தது. பக்தி என்று விடுதி அம்மாள் மெச்சிக்கொண்டாள். பாதி நாள் நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன்.

வசந்தம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே போய்விட்டேன். பக்கத்து வாசலுக்கு அருகே ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். சாமியார் அங்கேயே தீர்த்தத்துக்காக ஒரு பெரிய பாத்திரத்துத் தண்ணீரை மந்திரித்துக்கொண்டிருந்தார். ஆவூரில் இதெல்லாம் பீடத்துக்குப் பின்னால் உள்ளறையில் நடக்கும். பெண்கள் பார்த்ததில்லை. அவர் ஒரு சின்னத் தட்டை எடுத்தார். அதிலிருந்து வெள்ளையாக ஒரு சிட்டிகை எடுத்து, சிலுவை போட்டபடி தண்ணீரில் போட்டார். மறுபடி ஒரு சிட்டிகை. மறுபடியும்.

உப்பு.

முந்தானைக்குள் சீசாவோடு முதல் பூசையிலிருந்து வந்து நின்ற அம்மா கண்முன்னால் வந்துவிட்டாள். பூச்சி விழுந்துவிடுமாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு குளிர்காலத்தையே பாழாக்கினாயே என்று. பூசை தொடங்கி, எல்லோரும் முழந்தாளிட்டபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவள் என் பாவாடையைப் பிடித்து இழுத்து முழந்தாளிட வைத்தாள். அழுகை அதற்கப்புறம் வந்தது.

நுரை

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்ததைப் பேராசிரியரிடம் எப்படிக் காட்டுவது. எங்கள் அம்மா அப்படிப்பட்டவள் என்று சொன்னால் அறிவியலாகுமா.

இங்கே என் அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அத்தை விராலிமலையில் இருந்தாள். அவள் வீட்டுக் கிணறு நிஜமாகவே உப்பு. தைப்பூசத்துக்குத் தேர் பார்க்க எங்கள் சாதிசனம் எல்லோரும் அங்கே போய் இறங்குவோம், வேதம் வேறாக இருந்தாலும் தேர் எல்லோருக்கும்தான். குளிக்கும்போதுதான் வம்பு. சோப்பு நுரைக்கவே நுரைக்காது. திரிந்த பால் மாதிரி தலையில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். "ஆவூருக்குப் போயி குளிச்சுக்கங்கடி" என்பாள் அத்தை.

மண்ணிலிருந்து ஊறுகிற உப்பு பெரும்பாலும் தனியாக வராது. சுண்ணாம்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுண்ணாம்பு இருந்தால் சோப்பு நுரைக்காது. கையால் அள்ளிப்போட்ட உப்பு என்றால் அதோடு சுண்ணாம்பு வராது. இது பாடப் புத்தகத்தில் இருந்ததுதான். நான் தேர்வுக்குப் படித்தும் இருந்தேன். சிவப்பு வரவில்லையே என்ற கவலையில் மண்டையில் உறைக்கவில்லை.

திங்கள்கிழமை ஒரு குடுவையில் ஆவூர்த் தண்ணீரை ஊற்றி, சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினேன். நுரை குடுவையின் கழுத்துவரை ஏறி அப்படியே நின்றது. கொன்சுவேலோ பார்த்துவிட்டு, "இதுல என்னடி இருக்கு, இப்படிப் பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள். நான் குடுவையை இன்னொரு தடவை குலுக்கினேன். ஆவூர்த் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று அந்த நுரை சொன்னது எனக்குப் போதுமாக இருந்தது.

வாய்மொழித் தேர்வு கோடையின் தொடக்கத்தில் நடந்தது. பேராசிரியர் எவுசேபியோ, குறிப்பெடுக்கிற இளம் ஆசிரியர் ஒருவர், பௌதிகம் நடத்துகிற வயதான சாமியார் ஒருவர். நான் மனப்பாடம் செய்துவைத்த வாக்கியங்கள் முதல் பத்தியோடு மறந்துபோயின. அதற்கப்புறம் தெரிந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஒங்க அம்மா உப்புப் போட்டதை நேர்ல பாத்தீங்களா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"பாக்கலைங்க."

"அப்புறம் எப்படிச் சொல்றீங்க?"

"உப்பு இருக்கு, சுண்ணாம்பு இல்லை. மண்ணுலேருந்து வந்திருந்தா ரெண்டும் வந்திருக்கும். இது கையால போட்ட உப்புங்க."

"அது சரி. யாரு கை?"

"அதுக்குச் சோதனை இல்லைங்க. எங்க அம்மாவ எனக்குத் தெரியும்."

இளம் ஆசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டார். வயதான சாமியார் எழுந்து வந்தார். சீசாவைத் திறந்து விரலை நனைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். பேராசிரியர் முகத்தில் சிரிப்பா எரிச்சலா என்று தெரியவில்லை. "அளந்தது சரி. தண்ணிதான் கெட்டுப்போச்சு. போங்க" என்றார்.

தேறியவர்கள் பட்டியலில் கடைசியாக என் பெயர் இருந்தது. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், தூக்கமாக இருந்தது. சோதனை முடிந்த தண்ணீரையெல்லாம் கொட்டிவிட்டுச் சீசாவைக் கழுவி வைக்கச் சொன்னார்கள். மந்திரித்த தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வரவில்லை. முற்றத்து மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

அம்மா கேட்டது

பட்டத்தோடு ஊர் திரும்பியபோது இலுப்பூர் மாமா மகனுக்குக் கல்யாணம் ஆகி, கைக்குழந்தையும் இருந்தது. அப்பா என்னைத் தெருத் தெருவாக அழைத்துப்போய்க் காட்டினார். முடி முழுசாக இருப்பதைப் பார்த்து ஊரே ஆச்சரியப்பட்டது.

கூட்டமெல்லாம் ஓய்ந்த ஒரு மத்தியானம். அம்மா அடுப்படியில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். விரல் கறை எப்போதோ போய்விட்டிருந்தது.

"அம்மா, அந்தச் சீசாத் தண்ணியில உப்புப் போட்டியா?"

அவள் மழுப்பவில்லை. "போட்டேன். சாமியார்கிட்ட குடுத்து மந்திரிச்சு வாங்குனேன். அவரு கொஞ்சமாத்தான் போட்டாரு. கடல் தாண்டிப் போற புள்ளையாச்சேன்னு மந்திரிச்ச உப்புல எங்கையால இன்னுங் கொஞ்சம் போட்டேன். ஏன், ரொம்பக் கரிச்சிருச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வராத சிவப்பு, குளிர்காலம் முழுக்கச் செய்த சோதனை, நுரை, மூன்று பேர் முன்னால் நின்றது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ குடிக்கவே இல்லையா?"

"அது சோதனைக்குத்தானம்மா. குடிக்கக்கூடாது."

"ஒரு வாய்கூடவா?"

"இல்லம்மா."

அம்மா கத்திரிக்காயை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "அசதியா இருக்கையில ஒரு வாய் குடிச்சுக்கிருவேன்னுதான குடுத்துவிட்டேன். எனக்கு இங்கிட்டு அசதியா இருக்கப்பெல்லாம், புள்ள அந்தத் தண்ணியக் குடிச்சிருப்பா, அவளுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சுக்கிருவேன்" என்றாள்.

அந்த வருடம் முழுக்க, சாய்ந்து விழுகிற அசதியோடு நான் நின்ற மேஜையில், கைக்கெட்டுகிற இடத்தில்தான் அந்தச் சீசா இருந்தது.

அம்மா எழுந்து போனாள். பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டுகொண்டு வந்து என் முன்னால் நீட்டினாள்.

"இப்பவாச்சும் குடி."

அண்ணாந்து, செம்பு காலியாகும்வரை குடித்தேன். கோயில் கிணற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர்தான்.